82-ஆம் நிமிடமும் அதற்கு அடுத்ததும்: 2017 யு-17 உலகக் கோப்பையில் இந்தியா, கோச் நின்ற இடத்திலிருந்து

2017 அக்டோபரில் டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் இந்திய யு-17 (17 வயதுக்குட்பட்டோர்) கால்பந்து அணி ஆடிய மூன்று ஆட்டங்களைப் பற்றி அப்போது நிறையவே எழுதினார்கள். பாதிப் பேர் “தோற்றாலும் மனதை அள்ளிவிட்டார்கள் பையன்கள்” என்றார்கள். மீதிப் பேர் “மூன்று ஆட்டம், ஒன்பது கோல், பூஜ்யம் புள்ளி” என்று கணக்கை மூடினார்கள். சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் என்னைப் போன்ற ஆட்களுக்கு இந்த இரண்டிலும் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த மூன்று இரவும் கோட்டோரம் நின்ற கோச் லூயிஸ் நோர்டன் டி மாடோஸ். அவர் கையில் எப்படிப்பட்ட அணி இருந்தது, எதை அவரால் தீர்மானிக்க முடிந்தது, எங்கே ஆட்டம் கை நழுவியது என்று பார்த்தால்தான் நமக்கு உபயோகம்.

கையில் கிடைத்த அணி

போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு நேரடி இடம். எந்த வயதுப் பிரிவிலும் ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா ஆடியது அதுதான் முதல் முறை. ரசிகனுக்கு இது நல்ல செய்தி. கோச்சுக்கு அப்படியல்ல. தகுதிச் சுற்றைக் கடந்து வரும் அணி, தோற்றால் கதை முடிந்தது என்ற நெருக்கடியில் பல ஆட்டங்களை ஆடிப் பழகியிருக்கும். நம் பையன்களுக்கு அந்தப் பழக்கம் கிடைத்த பெரிய இடம் என்று பார்த்தால், 2016 செப்டம்பரில் கோவாவில் நடந்த ஆசிய யு-16 போட்டி ஒன்றுதான். அங்கே ஐக்கிய அரபு அமீரகத்திடம் 2-3, சவூதி அரேபியாவுடன் 3-3, ஈரானிடம் 0-3.

அப்போது கோச்சாக இருந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த நிகோலாய் ஆடம். 2015-லிருந்து அணியைக் கட்டியவர் அவர்தான். 2017 தொடக்கத்தில் அவர் போக, மார்ச்சில் மாடோஸ் வந்தார். போர்ச்சுகல் தேசிய அணிக்கு ஆடியவர். போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகாவின் பி அணியையும் கினி-பிசாவு தேசிய அணியையும் நடத்தியவர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. உலகக் கோப்பைக்கு மிச்சம் ஏழு மாதம்.

ஏழு மாதத்தில் ஒரு கோச்சால் என்ன செய்ய முடியும்? அணி எந்த இடத்தில் நிற்க வேண்டும், பந்து எதிராளியிடம் இருக்கும்போது வரிசைகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்பதைப் பழக்கலாம். உடல் திறனை ஓரளவு ஏற்றலாம். கார்னர், ஃப்ரீ கிக் எல்லாம் மனப்பாடம் ஆக்கலாம். ஆனால் ஸ்கோர் மாறும் நேரத்தில் பதறாமல் முடிவெடுக்கும் புத்தியை முகாமில் வைத்து ஊட்ட முடியாது. அது வாராவாரம் லீகில் ஆடி, தோற்று, திட்டு வாங்கி வருவது. இந்த அணி ஆண்டுக்கணக்கில் கோவா முகாமில் ஒன்றாகத் தங்கி, வெளிநாட்டுப் பயணங்களில் நட்பு ஆட்டங்கள் ஆடிய அணி. முடிவுக்கு விலை இருக்கும் ஆட்டம் அவர்களுக்கு வருஷத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள்: கேப்டன் அமர்ஜித் சிங் கியாம், கோல்கீப்பர் தீரஜ் சிங், ஜீக்சன் சிங், சுரேஷ் சிங் என்று முதுகெலும்பே அங்கிருந்துதான். மீதிப் பேர் மிசோரம், சிக்கிம், வங்காளம், பஞ்சாப், மகாராஷ்டிரம், கர்நாடகம், கேரளம். ஒருவர் அமெரிக்காவில் வளர்ந்தவர். இத்தனை தாய்மொழிக்கு நடுவே ஒரு போர்ச்சுகீசியர் நின்று இடைவேளையில் பேசுவதை யோசித்துப் பாருங்கள். பதினைந்து நிமிடத்தில், மொழி ஒட்டாத இடத்தில், சொல்ல முடிவது இரண்டு மூன்று விஷயம்தான். இதைப் பிறகு ஒரு இடத்தில் நினைவுபடுத்துவேன்.

மாடோஸ் செய்த முதல் நல்ல காரியம், முகாமுக்கு வெளியே தேடியது. மினெர்வா பஞ்சாப் அகாடமியிலிருந்து சில பையன்களைச் சேர்த்தார். ஜீக்சன் அப்படி வந்தவர். இரண்டு வருஷம் ஒன்றாக இருந்த அணிக்குள் கடைசி நேரத்தில் ஆள் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. ஏற்கெனவே இருக்கிற பையன் முகம் வாடும், அவன் வீட்டிலிருந்து போன் வரும். செய்தார், பலனும் கிடைத்தது.

அதே சமயம் வெளியே எதிர்பார்ப்பு ஊதிப் பெரிதானது. மே மாதம் இத்தாலிப் பயணத்தில் “இத்தாலி யு-17 அணியை 2-0 என வென்றோம்” என்று செய்தி வந்து நாடே கொண்டாடியது. அது இத்தாலியின் தேசிய அணி இல்லை, கீழ் டிவிஷன் கிளப்களின் பையன்கள் சேர்ந்த அணி என்று பின்னர் தெரிந்தது. வென்றது உண்மை, யாரை வென்றோம் என்பதில்தான் கோளாறு. உண்மையான அளவுகோல் ஆகஸ்டில் மெக்சிகோவில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் கிடைத்தது: மெக்சிகோவிடம் 1-5, கொலம்பியாவிடம் 0-3, சிலியுடன் 1-1. மாடோஸ் டெல்லிக்கு வந்தது இந்த எண்களோடுதான். அவர் பின்னால் இறங்கி ஆடும் திட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அக்டோபர் 6, அமெரிக்கா

எதிரே நின்ற பையன்களைப் பார்த்தால் கோச்சின் நிலைமை புரியும். ஜோஷ் சார்ஜென்ட் அதே வருஷம் யு-20 உலகக் கோப்பையில் ஆடி கோல்களும் போட்டுவிட்டு வந்திருந்தார். ஜெர்மனியின் வெர்டர் பிரேமன் கிளப்புக்குப் போவதும் முடிவாகியிருந்தது. டிம் வியா பாரிஸ் செயின்ட் ஜெர்மைனில் இருந்தார். கிறிஸ் டர்கின், ஆண்ட்ரூ கார்ல்டன் இருவருக்கும் அமெரிக்க மேஜர் லீக் கிளப்களில் ஒப்பந்தம். வயது எல்லாருக்கும் ஒன்றுதான், 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். ஆடி வந்த ஆட்டங்கள்தான் வேறு.

முதல் அரை மணி நேரம் இந்தியா தாக்குப்பிடித்தது. பிறகு பெனால்டி ஏரியாவுக்குள் ஜிதேந்திர சிங் சார்ஜென்டை வீழ்த்த, சார்ஜென்டே பெனால்டியைக் கோலாக்கினார். இடைவேளைக்கு 0-1. 51-ஆம் நிமிடத்தில் கார்னர் ஒன்றிலிருந்து டர்கின் இரண்டாவதை அடித்தார். அப்புறம் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. கோமல் தட்டால் கோல்கீப்பரோடு தனியாக மாட்டினார். மேலே தூக்கிவிடப் பார்த்தார், பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனது. அந்த வயதில் அந்த ஷாட்டைத் தேர்ந்தெடுத்ததற்காக யாரையும் திட்ட மாட்டேன்.

கோச்சுக்கு உறுத்த வேண்டியது மூன்றாவது கோல். ஆட்டம் முடியப் போகிறது, இந்தியாவுக்குக் கார்னர். அன்வர் அலி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. மைதானம் முழுக்க ‘ஐயோ’ என்று தலையில் கை வைத்த அந்த நொடியில் அமெரிக்கர்கள் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். 84-ஆம் நிமிடம், கார்ல்டன், 0-3. கார்னருக்கு எத்தனை பேரை மேலே அனுப்புவது, எத்தனை பேர் பின்னால் நிற்பது என்பது கோச் முன்கூட்டியே சொல்லி வைக்கும் விஷயம். 0-2-ல் பின்தங்கியிருக்கும்போது கூடுதலாக ஒருவரை அனுப்புவதில் தவறில்லை. ஆனால் பின்னால் நின்றவர்களும் பந்து கம்பத்தில் பட்டதை வேடிக்கை பார்த்தார்கள். ஸ்கோர் மாறப்போன கணத்தில் தலை நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து இதே வியாதி வேறு உருவத்தில் வந்தது.

அக்டோபர் 9, கொலம்பியா

என் கணிப்பில் மாடோஸின் சிறந்த வேலை இந்த ஆட்டம். ஆகஸ்டில் 0-3 என்று உதைத்த அதே எதிரணி. தொடக்க அணியில் பல மாற்றங்கள் செய்தார். உயரமான ஜீக்சன் நடுவில் வந்தார், அமர்ஜித்துக்குப் பக்கத்தில். அதோடு நடுப்பகுதி இறுகியது. கொலம்பியாவிடம் பந்து இருந்தது, இடம் இருக்கவில்லை.

டிவியில் பார்த்தவர்கள் பந்தைப் பார்த்திருப்பார்கள். கோட்டோரம் நிற்கும் கோச் பார்ப்பது பந்து இல்லாத இடத்தை. நான்கு டிஃபெண்டர்களுக்கும் முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி எப்போது அகலமாகிறது, எந்தப் பக்கத்து விங்கர் திரும்பி ஓடி வருவதை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தான், எவன் இடுப்பில் கை வைக்கிறான் என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை. கத்திச் சொல்லலாம் என்றால், பல்லாயிரம் பேர் இரைச்சலில் பக்கத்தில் ஓடும் விங்கருக்கே கேட்காது. எதிர்ப்பக்கத்துக்குச் செய்தி போக வேண்டும் என்றால் கேப்டன் வழியாகத்தான். பதினாறு வயது அமர்ஜித் அந்த இரவு தன் ஆட்டத்தோடு கோச்சின் குரலாகவும் இருக்க வேண்டியிருந்தது.

முதல் பாதியில் தீரஜ் சில பந்துகளை அற்புதமாகத் தடுத்தார். இடைவேளைக்குச் சற்று முன் கே.பி.ராகுல் இடது காலால் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில அங்குலம் உள்ளே போயிருந்தால் இந்தியா 1-0 என்று உடைமாற்றும் அறைக்குப் போயிருக்கும், அதற்குப் பிறகு வேறு கதை. 0-0 என்று போனார்கள். திரும்பி வந்த நான்காவது நிமிடத்தில், ஆட்டத்தின் 49-ஆம் நிமிடத்தில், ஹுவான் பென்யலோசா கோல் போட்டார்.

இங்கே பல சிறுவர் அணிகள் உடையும். இந்தியா உடையவில்லை. முப்பது நிமிடத்துக்கு மேல் 0-1-ல் நின்று, அமைப்பைக் கலைக்காமல், ஒரு வாய்ப்புக்குக் காத்திருந்தது. 82-ஆம் நிமிடத்தில் கார்னர் கிடைத்தது. சஞ்சீவ் ஸ்டாலின் உள்ளே அடித்தார். ஜீக்சன் எழும்பி தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. ஃபிஃபா உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். கடைசி நேரத்தில் அணிக்குள் வந்த பையன், பயிற்சியில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்த கார்னர். ஒரு கோச் கனவு காணும் கோல் இப்படித்தான் இருக்கும்.

மறு நிமிடம். கொலம்பியா நடுவிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கியது. டிஃபெண்டர்களுக்குப் பின்னால் ஒரு பாஸ், பென்யலோசா, தீரஜைத் தாண்டி வலை. 1-2. ஸ்டேடியத்தில் பாதிப் பேர் முதல் கோலுக்கு எழுந்தவர்கள் உட்காரவே இல்லை.

இதைத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கோல் போட்ட அடுத்த இரண்டு நிமிடம் எந்த வயது அணிக்கும் ஆபத்தானது. மூச்சு வாங்கும், மனசு இன்னும் கொண்டாட்டத்திலேயே இருக்கும், பக்கவாட்டு டிஃபெண்டர்கள் வழக்கமான இடத்திலிருந்து நாலடி முன்னால் நிற்பார்கள். எதிரணியோ கோபத்தில் நேராகக் கோலை நோக்கி வரும். இதற்கு மருந்து உண்டு. ஐரோப்பிய அகாடமிகளில் வளரும் பையனுக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கும்: முதல் பந்தை வெல்ல யாரும் பாயக் கூடாது, கடைசி வரிசை ஐந்து மீட்டர் பின்னால் போக வேண்டும், பந்து கிடைத்தால் கார்னர் கொடி பக்கம் தள்ள வேண்டும், கோல்கீப்பர் கையில் வந்தால் விதி அனுமதிக்கும் கடைசி நொடி வரை வைத்திருக்க வேண்டும். மாற்று வீரர் மிச்சமிருந்தால் கோச்சும் தன் பங்குக்கு, ஆட்டம் மறுபடி தொடங்குமுன் ஒருவரை மாற்றி முப்பது நொடி தின்னலாம். அந்த முப்பது நொடியில் கேப்டனைக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொல்லலாம்.

இதையெல்லாம் சொல்லித் தர மாடோஸுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சொல்லித் தந்தும் இருக்கலாம். ஆனால் அந்த அணி அதற்கு முன் உலகக் கோப்பை ஆட்டத்தின் 82-ஆம் நிமிடத்தில் ஸ்கோரைச் சமன் செய்ததே இல்லை. ஒத்திகை பார்க்க அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்த்ததில்லை.

அந்த ஒரு புள்ளியின் மதிப்பையும் சொல்ல வேண்டும். 24 அணிகள், ஆறு பிரிவுகள். மூன்றாவதாக வரும் அணிகளில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். கொலம்பியாவுடன் சமன் செய்திருந்தால் கடைசி ஆட்டத்துக்கு நிஜமான ஒரு கணக்கோடு போயிருக்கலாம். தோற்ற பிறகு கானாவை பெரிய கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்ற கற்பனைக் கணக்குதான் மிஞ்சியது.

அக்டோபர் 12, கானா

இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. கானா 1991, 1995 இரண்டிலும் இந்தக் கோப்பையை வென்ற நாடு. ஏழு நாளில் மூன்றாவது ஆட்டம். கொலம்பியாவுக்கு எதிராக முழு நேரமும் பந்தைத் துரத்திய கால்கள். பின்னால் இறங்கி ஆடும் அணிக்குத்தான் ஓட்டம் அதிகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பந்தை வைத்திருப்பவன் தான் நினைத்தபோது ஓடுவான், துரத்துகிறவன் அவன் நினைத்தபோதெல்லாம் ஓட வேண்டும். எரிக் அயியா 43-ஆம் நிமிடத்தில் ஒன்று, 52-ஆம் நிமிடத்தில் ஒன்று. 86-ல் ரிச்சர்ட் டான்சோ, 87-ல் இம்மானுவேல் டோகு. 0-4. பிரிவில் மற்ற மூன்று அணிகளும் ஆளுக்கு ஆறு புள்ளி, இந்தியா பூஜ்யம்.

அந்த மூவரும் கோப்பைக்கு அருகே கூடப் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொலம்பியாவை அடுத்த சுற்றிலேயே ஜெர்மனி 4-0 என அனுப்பியது. அமெரிக்காவை காலிறுதியில் இங்கிலாந்து 4-1 எனத் தோற்கடித்தது. கானா காலிறுதியில் மாலியிடம் 1-2. கடைசியில் கொல்கத்தாவில் ஸ்பெயினிடம் 0-2 என்று பின்தங்கி, 5-2 என்று வென்றது இங்கிலாந்து. ஸ்கோர் தலைகீழாகும்போது என்ன செய்வது என்று தெரிந்த பையன்கள் எப்படி ஆடுவார்கள் என்று பார்க்க வேண்டுமானால் அந்த இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்பது கோலின் கடிகாரம்

இந்தியா வாங்கிய ஒன்பது கோலையும் நிமிட வாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் அறையும். 49, 51, 52: மூன்று ஆட்டத்திலும் இடைவேளை முடிந்த ஏழு நிமிடத்துக்குள் ஒரு கோல். 83, 84, 86, 87: எண்பதுக்கு மேல் நான்கு. ஒன்பதில் ஏழு இந்த இரண்டு ஜன்னல் வழியாகத்தான் வந்தன. இவற்றைத் தவிர்த்தால் மிஞ்சுவது ஒரு பெனால்டியும், கானாவின் 43-ஆம் நிமிடக் கோலும்.

கடைசிப் பத்து நிமிடத்துக்குக் களைப்பு என்று ஒரு காரணம் சுலபமாகச் சொல்லிவிடலாம், பாதி உண்மையும்கூட. ஆனால் 49, 51, 52-க்குக் களைப்பு பொருந்தாது. பதினைந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்து வந்தவர்கள். அங்கேதான் முன்பு சொன்ன மொழிப் பிரச்சினை நினைவுக்கு வருகிறது. முதல் பாதியில் எதிரணி கோச் நம்மைப் பார்த்துவிடுகிறார். இடைவேளையில் இரண்டு மாற்றம் சொல்கிறார். யாரோ ஒருவர் அகலமாக நிற்பார், யாரோ ஒருவர் நடுவுக்கு வருவார். அவருடைய பையன்கள் அதே மொழியில் கேட்டு, லீகில் பழகிய விஷயமாகச் செய்துகாட்டுகிறார்கள். நம் பையன்கள் முதல் பாதித் திட்டத்தையே, அதே இடங்களில் நின்று, தொடர்கிறார்கள். எதிரே மாறிப்போனதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. கோல் ஏழாவது நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் ஒரே ஜன்னலில் மூன்று ஆட்டமும் மூன்று கோல் என்றால் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

மாடோஸிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டென்றால் இங்கேதான். அமெரிக்க ஆட்டத்திலேயே இது தெரிந்துவிட்டது. இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் என்று தனியாக ஒரு எளிய உத்தரவு, எல்லாரும் இன்னும் பின்னால், பந்து கிடைத்தால் நீளமாக அடி, யாரும் அழகு காட்ட வேண்டாம், என்று வைத்திருக்கலாம். அசிங்கமான கால்பந்துதான். ஆனால் 55-ஆம் நிமிடம் வரை தாண்டியிருந்தால் கொலம்பியா ஆட்டம் எங்கே போயிருக்குமோ! திட்டம் மொத்தமாகத் தற்காப்பு என்று குறை சொன்னவர்களோடு நான் இல்லை. மெக்சிகோவில் திறந்து ஆடி ஐந்து வாங்கியதை அவர் பார்த்திருந்தார்.

இந்தக் கடிகாரத்தைப் பார்த்த பிறகு எங்கள் பையன்களின் பயிற்சி ஆட்டங்களில் நான் மாற்றியது சின்ன விஷயம். கடைசி ஆட்டத்தை எப்போதும் ஸ்கோர் சொல்லித் தொடங்குவது: “1-1, இன்னும் ஆறு நிமிடம், இப்போதான் நீங்க கோல் போட்டீங்க, அவங்க கிக் ஆஃப்.” முதல் சில தடவை போட்டவர்களே உடனே வாங்குவார்கள். பிறகு யாராவது ஒருவன், பெரும்பாலும் கோல்கீப்பர், “பின்னால வாங்கடா” என்று கத்த ஆரம்பிப்பான்.

அதற்குப் பிறகு

உலகக் கோப்பை முடிந்த கையோடு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு செய்தது சரியான காரியம்: அதே பையன்களை ‘இந்தியன் ஏரோஸ்’ என்ற பெயரில் ஐ-லீக் என்ற தேசிய கிளப் லீகில், பெரியவர்களோடு மோத விட்டது. வாராவாரம் முடிவுக்கு விலை உள்ள ஆட்டம், கடைசியில். நவம்பர் 29-ஆம் தேதி கோவாவில் முதல் ஆட்டம். எதிரணி நம்ம சென்னை சிட்டி கிளப். அனிகேத் ஜாதவ் இரண்டு, போரிஸ் சிங் ஒன்று, 3-0. சென்னைக்காரர்களுக்கு அன்று இரவு சோறு இறங்கியிருக்காது. டிசம்பரில் குடும்பக் காரணங்களால் மாடோஸ் நாடு திரும்ப, ஃபிளாய்ட் பின்டோ பொறுப்பேற்றார். சீசன் முடிவில் ஏரோஸ் பட்டியலில் கடைசி. அதைப் பற்றி விவரம் தெரிந்த யாரும் கவலைப்படவில்லை.

2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் கரீபியன் தீவு அணியான குராசோவுக்கு எதிராக அமர்ஜித் சீனியர் அணிக்கு ஆடினார், அந்தக் கூட்டத்திலிருந்து முதல் ஆளாக. பின்னாலேயே ஜீக்சன், சுரேஷ், லாலெங்மாவியா, அன்வர் அலி, ‘சென்னையின் எஃப்சி’ கிளப்புக்கு ஆடிய ரஹீம் அலி என்று வரிசையாக வந்தார்கள். டெல்லியில் பூஜ்யம் புள்ளி வாங்கிய அணியிலிருந்து சீனியர் அணியின் நடுக்களத்தையே நிரப்பும் அளவுக்கு ஆள் கிடைத்தது. ஏரோஸ் அணியை 2022-ல் கலைத்துவிட்டார்கள்.